எல்மைரா பக்கம் பண்ணை முட்டை, வாங்கலாமா?

முட்டை சூப்பர், அதுல சந்தேகமே இல்ல. கிடைக்கறதுதான் பிரச்சனை.

கனடால ஒன்டாரியோ மாகாணத்துல, வாட்டர்லூல இருந்து எல்மைரா போற வழியில கிளை ரோட்டுல திரும்பினீங்கன்னா அங்கங்க பண்ணை வாசல்ல முட்டை விற்பனைக்குன்னு பலகை வெச்சிருப்பாங்க, அதுக்குக் கீழயே ஞாயிறு விற்பனை இல்லைன்னும் எழுதியிருக்கும். மெனோனைட்ங்கற கிறிஸ்தவப் பிரிவு ஆளுங்க, ஞாயித்துக்கிழமை வியாபாரம் பண்ண மாட்டாங்க, அதனால சனிக்கிழமை காலையிலயே போயிடுங்க. நாங்க வாங்கறது அதுல ஒரு சின்ன பண்ணையில, டஜன் 5 டாலர், கேஷ் மட்டும்தான், டப்பா நீங்களே கொண்டுபோறது நல்லது.

மஞ்சக்கரு நல்லா ஆரஞ்சு கலர்ல தூக்கலா நிக்கும், ஆஃப்பாயில் போட்டா கல்லு முழுக்க ஓடாது, குழம்புல உடைச்சு ஊத்தினாலும் சிதறாம முழுசா வேகுது. ஆனா அவிச்சு உரிக்கறதுக்குள்ள உயிர் போயிடும், ரொம்ப புதுசுங்கறதால ஓட்டோட வெள்ளையும் பிஞ்சு வருது, அவிக்கறதுக்குன்னா ஒரு வாரம் ஃபிரிட்ஜ்ல போட்டு வெச்சுட்டு எடுங்க. கிரேடிங் பண்ணாத, அதாவது தரம், அளவு பார்த்துப் பிரிக்காத முட்டை, அதனால பெருசும் பொடுசும் கலந்துதான் வரும். இதை பண்ணை வாசல்லதான் விக்கலாம், கடைக்கோ ஹோட்டலுக்கோ கொடுக்கக்கூடாதுன்னு ஒன்டாரியோல சட்டம்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். கொஞ்சம் லேட்டா போனாலே காலி. இவ்ளோ கிராக்கி இருக்கே, இன்னும் ஒரு 500 கோழி வளர்க்கக்கூடாதான்னு பண்ணைக்கார அம்மாகிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு 99ன்னு மட்டும் சொன்னாங்க. இங்க முட்டை, கோழி, பால் எல்லாமே சப்ளை மேனேஜ்மென்ட் கீழ வருது, யார் எவ்ளோ உற்பத்தி பண்ணலாம்னு கோட்டா இருக்கு. ஒன்டாரியோல 100 முட்டைக்கோழிக்குக் கீழ இருந்தா கோட்டா வேணாம், நூறாவது கோழி வந்தா வேணும். அந்தக் கோட்டாவை காசு கொடுத்துதான் வாங்கணும், ஒரு கோழிக்கே பல நூறு டாலர், 500 கோழின்னா கொட்டகை, தீவனம் எதுக்கும் கை வைக்காமலே லட்சம் டாலர் தாண்டிடும்.

99லயே இருந்தா என்ன மிஞ்சும்னு காருல வரும்போது கணக்கு போட்டுப் பார்த்தேன். நல்ல சீசன்ல ஒரு நாளைக்கு ஆறு டஜன், 30 டாலர். கோழிங்க தின்னறது நாளுக்கு 11 கிலோ மாதிரி, 25 கிலோ மூட்டை ரெண்டு நாளைக்கு மேல தாங்காது, அதுவும் லாரில மொத்தமா இறக்கற பெரிய பண்ணைக்கு கிடைக்கற ரேட்டு மூட்டைக்கு கிடைக்காது. கழிச்சுப் பார்த்தா கையில நிக்கறது செலவுக்கு சில்லறை, அவ்ளோதான், இதை வெச்சு யாரும் குடும்பம் நடத்த முடியாது.

அதுக்காக கோட்டாவே வேஸ்ட்டுன்னு நம்ம ஆளுங்க சில பேர் சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். 2025 மார்ச்ல பறவைக் காய்ச்சலால அமெரிக்கால டஜன் சராசரி விலையே 6 அமெரிக்க டாலரைத் தாண்டிச்சு, அங்க ஒரே பண்ணையில பத்து லட்சம் கோழிக்கு மேல வளர்க்கறதெல்லாம் உண்டு, ஒரு இடத்துல நோய் வந்தா அத்தனையும் அழிச்சாகணும். கனடால சராசரி பண்ணை 25,000 கோழிதான், இங்கயும் நோய் வந்துச்சு ஆனா கடையில அந்த மாதிரி விலை எகிறல. என் குறை அது இல்ல, 99க்கும் 25,000க்கும் நடுவுல ஒருத்தருக்கும் இடமே இல்லாத மாதிரி வெச்சிருக்காங்களே, அதுதான். கறிக்கோழிக்கு 600ல இருந்து 3,000 வரைக்கும் கோட்டா இல்லாம வளர்க்க தனி லைசென்ஸ் திட்டம் ஒன்டாரியோல இருக்கு, முட்டைக்கும் அப்படி ஒண்ணு இருந்தா நானும் எட்டரை மணிக்கே போய் வரிசையில நிக்க வேண்டியதில்ல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். நவம்பர் ஆச்சுன்னா பொழுது குறையும், முட்டையும் பாதியாயிடும், முன்னாடி வாரமே நேர்ல போய் சொல்லி வெச்சுடுங்க, ஃபோன்ல ஆர்டர் எடுக்க மாட்டாங்க.