50 கிலோ தொங்கு தராசு: காஸுக்கு நம்பலாம், நெல் மூடைக்கு வேண்டாம்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இப்போது பல கடைகளில் கிடைக்கிற கையடக்கமான டிஜிட்டல் தொங்கு தராசு இது. மேலே கைபிடி, கீழே கொளுக்கி, நடுவில் சின்னத் திரை. ஒரு கிலோ நல்ல மீன் வாங்கும் காசுக்குள் அடங்கிவிடும். பெட்டியில் "50 கிலோ, 10 கிராம்" என்று போட்டிருக்கும். அந்த 10 கிராமை நம்பி ஏமாறக் கூடாது. திரையில் எண் ஏறி இறங்குகிற படிதான் அது. நிறை அவ்வளவு துல்லியமாக வரும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். 25 கிலோவுக்குக் கிட்டிய ஏதாவது ஒரு பாரத்தை, அரச முத்திரை குத்திய கடைத் தராசில் ஒருதடவையும் இதில் மூன்று தடவையும் நிறுத்துப் பாருங்கள். மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் தராசு நல்லது. கடைத் தராசிலிருந்து 50 கிராம் கூடக் காட்டினாலும் பாதகமில்லை. "25இல் 50 கூட" என்று ஒரு பிளாஸ்டர் துண்டில் எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிட்டால் போதும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிற தராசை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைத் திருத்த முடியாது.

இந்தத் தராசு வீட்டுக்கு அதிகம் பயன்படுவது காஸ் சிலிண்டரில்தான். பெரிய சிலிண்டரில் இருக்க வேண்டிய காஸ் 12.5 கிலோ. வெற்றுச் சிலிண்டரின் நிறை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும், அதைச் சிலிண்டரிலேயே குறித்திருப்பார்கள். 13.4 என்று இருந்தால் மொத்த நிறை 25.9 கிலோ வர வேண்டும். கொளுக்கியின் வாய் ஒடுங்கலாக இருப்பதால் சிலிண்டரின் கைபிடி வளையத்தில் நேரே மாட்டாது. தடித்த நைலோன் கயிற்றை வளையமாகக் கட்டி முதலில் அதை மட்டும் தொங்கவிட்டு, சைபராக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு சிலிண்டரைக் கட்டலாம். கையால் தூக்கி நிறுக்க வேண்டாம். கை நடுங்கும்போது எண் ஓடும். ஓட்டம் சற்றுக் குறைந்ததும் தராசு அந்த நேரத்து எண்ணைத் தானாகப் பிடித்து நிறுத்திவிடும், அது பிழையான எண்ணாகவும் இருக்கலாம். கூரைச் சலாகையிலோ இரும்புக் குழாயிலோ தொங்கவிட்டு, ஆட்டம் அடங்கிய பிறகு வருகிற எண்ணை எடுங்கள்.

100 கிராம் குறைந்தால் விட்டுவிடலாம். தராசின் பிழையும் சிலிண்டரில் உதிர்ந்துபோன பெயின்றும் துருவும் அதற்குள் அடங்கும். 400 கிராம் குறைந்தால் விடக் கூடாது, அது காசு கொடுத்து வாங்கிய காஸ்.

முடிந்த சிலிண்டரை மாற்றக் கொண்டுபோக முன்னரும் ஒருதடவை நிறுத்துப் பாருங்கள். குறித்திருக்கும் வெற்று நிறையைவிட அரைக் கிலோ கூட இருந்தால் உள்ளே இன்னும் காஸ் கிடக்கிறது. குளிர் நாடுகளில் அப்படி மிஞ்சுவது உண்டு. காஸில் இருக்கிற பியூட்டேன் கொதிப்பது -0.5 பாகை செல்சியசில், நம் வெக்கைக்கு அது முழுக்கவே ஆவியாகிவிடும். ஆகவே இங்கே அடுப்பு சுருதி குறைந்து எரிந்தும் உள்ளே காஸ் மிஞ்சுகிறதென்றால் ரெகுலேற்றரையும் அடுப்பின் துவாரங்களையும்தான் பார்க்க வேண்டும்.

மீனுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரிகள் பலரும் இதே தராசைத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்காவிட்டாலும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அலகு மாற்றும் பொத்தான் ஒன்று இதில் இருக்கிறது. கிலோ, இறாத்தல், அத்தோடு சீனாவின் ஜின் என்ற அளவும் உண்டு. ஒரு ஜின் என்பது 500 கிராம். அந்த அலகில் தராசு நின்றால் அரைக் கிலோ மீனுக்குத் திரை 1.00 என்று காட்டும். இறாத்தலில் நின்றால் 454 கிராமுக்கே 1.00 வந்துவிடும். பொத்தானில் விரல் தவறிப் பட்டாலும் அலகு மாறும் என்பதால், வியாபாரியைக் கள்ளன் என்று எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம். எண்ணைப் பார்க்க முதல் திரையின் ஓரத்தில் சின்னதாக இருக்கிற அலகைப் பாருங்கள், கிலோ இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். இறால் வாங்கும்போது பையில் நீர் வடிந்த பிறகு நிறுக்கச் சொல்லுங்கள். மீனை வெட்டிச் சுத்தம் செய்தால் நிறை நன்றாகக் குறையும், அதனால் வெட்ட முதலே நிறுக்க வேண்டும். வெட்டிய மீனை வீட்டில் நிறுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதில் நியாயமில்லை. அரைக் கிலோவுக்குக் குறைந்த சாமானுக்கு இந்தத் தராசு சரிவராது. 20, 30 கிராம் பிழையே அங்கே பெரிய விகிதம் ஆகிவிடும்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயற்காரர் இதை நெல்லுக்கு வாங்க வேண்டாம். மூடை அறுபது கிலோவைத் தாண்டும். 50க்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கிற உலோகத் துண்டு வளைந்து பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். அப்படி ஆனால் தராசு எதையும் பிழையாகவே நிறுக்கும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெல்லுக்கு 300 கிலோ தாங்கும் பெரிய தராசு வேண்டும்.

நெல் வாங்குகிறவர் ஈரத்துக்கென்று நிறையில் வெட்டுகிற கழிவையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வீத ஈரமுள்ள 65 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் இழப்பது ஏறத்தாழ 3 கிலோ. 16 வீதமென்றால் ஒன்றரைக் கிலோ. ஈரமானியைக் காட்டாமல் மூடைக்கு இத்தனை கிலோ என்று பொதுவாக வெட்டினால், ஈரம் எத்தனை வீதம் என்று கேளுங்கள்.

இதன் பெரிய பலவீனம் நம் கடற்காற்றுதான். கொளுக்கியில் இருப்பது மெல்லிய பூச்சு. மீன் தண்ணீர் பட்டுத் துடைக்காமல் வைத்தால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். பற்றரி வைக்கிற இடத்துத் தகடும் பச்சை பிடிக்கும், பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். வெயிலில் நிற்கிற சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த தராசை எடுத்தவுடன் நிறுக்கக் கூடாது. சூட்டில் சைபர் நகர்ந்திருக்கும். கால் மணித்தியாலம் நிழலில் வைத்து மறுபடி சைபராக்கி நிறுங்கள்.

கடையில் இதைக் காட்டிச் சண்டைக்குப் போகவும் வேண்டாம். முத்திரையில்லாத வீட்டுத் தராசின் எண்ணைக் கடைக்காரர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. வியாபாரத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்த வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். கடைத் தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, அதிலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பற்றுச்சீட்டு, சிலிண்டர் என்றால் அதில் குறித்திருக்கும் வெற்று நிறை, இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, சிலிண்டர் வாயில் இருக்கிற சீல் உடையாமல், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். தராசில்தான் சந்தேகம் என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அளவை, நிறுவைப் பகுதியில் முறையிடலாம். சீலை உடைத்து அடுப்பில் பொருத்திவிட்டால், குறைந்த காஸ் வந்ததா எரிந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.