ஏழு ஆண்டு, 1,58,000 கிலோமீட்டர்: என் குட்டியானையின் செலவுக் கணக்கு

2018 ஜூன் மாதம் பழனியில் இந்த வண்டியை எடுத்தேன். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 750 கிலோ ஏற்றலாம் என்று காகிதத்தில் போட்டிருக்கும் சின்னச் சரக்கு வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கம் யார் தயாரித்தாலும் அதற்குக் குட்டியானை என்றுதான் பெயர். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், இப்போது எல்லா வண்டிக்கும் பொதுவாகிவிட்டது. கம்பெனியைச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதில் வந்த பழுதுகளில் பாதி என் கைவேலை.

எல்லாச் செலவும் சேர்த்து 4,60,000 ரூபாய் ஆனது. கையில் இருந்த ஒரு லட்சத்தைக் கட்டிவிட்டு மீதிக்கு டியூ போட்டேன். மாதம் 10,020 ரூபாய், 48 மாதம். வட்டி மட்டும் 1,20,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. வாங்கும்போது இதை யாரும் வண்டி விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

என் ஓட்டம் இதுதான். வாரம் ஒரு நடை பழனியிலிருந்து கொடைக்கானல் மலை. அங்கிருந்து கேரட், பூண்டு, பீன்ஸ் ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறக்குவேன். மற்ற நாட்களில் தக்காளி, முருங்கை என்று சமவெளி ஓட்டம். மலைக்குக் காலியாகப் போக மனம் வராமல் உர மூட்டை ஏற்றிக்கொண்டு போவேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. காம்ப்ளெக்ஸ் உரம் மூட்டை 50 கிலோ. கணக்குப்படி 15 மூட்டை. நான் ஏற்றியது 25. மூட்டைக்கு 40 ரூபாய் கூலி, பத்து மூட்டை கூடுதல் என்றால் நடைக்கு 400 ரூபாய். அதை ஒரு பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் போனது கிளட்ச். எட்டாவது மாதம், சவரிக்காடு தாண்டியதும் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கேபினுக்குள் கருகிய நாற்றம். கொண்டை ஊசி வளைவில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்திப் பிடித்துப் பழகியிருந்தேன், தட்டு வறுபடாமல் என்ன செய்யும்? பழனி மெக்கானிக் தட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, “எத்தனை மூட்டை ஏற்றினீர்கள்?” என்றார். பதினைந்து என்றேன். அவர் குனிந்து பின் சக்கரத்துக்கு மேலே, பாரம் தாங்கும் பட்டை வில்லான கமானைப் பார்த்தார். “பதினைந்துக்குக் கமான் இப்படிப் படுக்காது, தம்பி.” தட்டு, பிரஷர் பிளேட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. முதல் முப்பது மாதத்தில் கிளட்ச் மூன்று முறை மாற்றினேன், கமானின் மெயின் பட்டை இரண்டு முறை உடைந்தது. ஒரு முறை, பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரமான கிரவுன் பினியனில் பல் போயிற்று. அது தனியாக ஒரு பெரிய பில்.

ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போனதற்கு மட்டும் பாரத்தைக் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டரில் கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வந்தேன். எங்கள் போரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளை படியும், அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களை உள்ளே அடைத்துவிட்டது. மலையில் இரண்டாம் கியரில் முக்கி ஏறும்போது சூடு முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த வளைவில் ஓரங்கட்டலாம் என்று ஓட்டினேன். அந்த ஒரு வளைவின் விலை 14,500 ரூபாய். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் அதிகம் விட்ட காப்பி போல ஒட்டியிருந்தது, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிறத்தை எங்கே கண்டாலும் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், அங்கிருந்து கட்டி இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

வண்டியின் குறை என்று நான் உறுதியாகச் சொல்வது இரண்டு. ஒன்று, கிங் பின், முன் சக்கரம் இடம் வலம் திரும்ப உதவும் அச்சாணி. முன் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, ஸ்டியரிங் ஆடத் தொடங்கினால் அதுதான். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் புஷ் போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிரீஸ் அடித்தால் தாங்குகிறது, ஒரு மாதம் மறந்தால் போகிறது. இவ்வளவு செல்லம் கேட்கும் சாமானைச் சரக்கு வண்டியில் ஏன் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது, பின் தொட்டியின் தகடு. கேரட்டைக் கழுவி ஈரச் சாக்கோடு ஏற்றுவார்கள், வழியெல்லாம் மண்ணும் தண்ணீரும் சொட்டும். நசுங்கிய தக்காளிச் சாறு அதைவிட மோசம், பெயின்டைத் தின்றுவிட்டு இரும்பில் இறங்குகிறது. தகட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ரப்பர் விரிப்புப் போட்டேன். ஒரு வருடம் கழித்து விரிப்பைத் தூக்கினால் அடியில் குட்டை போலத் தண்ணீர். திருப்புளியால் குத்தினேன், பிஸ்கட் போல உள்ளே இறங்கிற்று. புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க 11,000 ரூபாய். இப்போது இடைவெளி விட்டு மரப்பலகை அடித்திருக்கிறேன், நடை முடிந்ததும் பின் கதவான டாலாவைத் திறந்து கழுவிவிட்டு மூக்கு கீழே இருக்கும்படி மேட்டில் நிறுத்துகிறேன். தண்ணீர் முன் மூலைத் துளை வழியாக வடிந்துவிடுகிறது.

மற்றவை பெரிதில்லை. செல்ஃப் மோட்டார் ஒரு முறை, சைலன்சர் இரண்டு முறை, பேட்டரி மூன்று. பிரேக் ஒருநாளும் கைவிடவில்லை. எந்த கியரில் ஏறினேனோ அதிலேயே இறங்குவேன், டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறக்கியது கிடையாது. மைலேஜ் சமவெளியில் பாரத்தோடு 15, மலையில் 11.

காகிதச் செலவு எரிச்சலூட்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 16,049 ரூபாய், வரி தனி. வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிகள் எல்லாம் ஒரே வரிசையாம். என் வண்டியைவிட மூன்று, நான்கு மடங்கு ஏற்றுகிற லாரியும் அதே தொகைதான் கட்டுகிறது. எஃப்சி என்கிற தகுதிச் சான்று எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். அரசுக் கட்டணம் கொஞ்சம்தான். டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், மூன்று நாள் ஓட்டமிழப்பு ஆகியவைதான் பையைக் காலி செய்கின்றன. ஒரு நல்ல சேதி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்டதால் பர்மிட் தேவையில்லை.

2020 கடைசியில் என் மனைவி செலவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 52,000 கிலோமீட்டரில் பழுது 1,18,000 ரூபாய். கூடுதல் மூட்டைகளால் வந்தது, சுமார் 110 நடைக்கு, 44,000 ரூபாய். “இந்தப் பத்து மூட்டையை நாம் கைக்காசு போட்டுச் சுமந்திருக்கிறோம்” என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது என்பதையும் அப்போது அவளிடம் சொல்லவில்லை. அதன்பிறகு 15 மூட்டைக்கு மேல் ஏற்றியதில்லை. அடுத்த 1,06,000 கிலோமீட்டருக்குப் பழுது 1,19,000. கிளட்ச் ஒரே ஒரு முறைதான் மாற்றினேன்.

இன்றைய தேதிக்கு கிலோமீட்டர் கணக்கு இப்படி வருகிறது. டீசல் 6.20, பழுது 1.50, ஆயில் சர்வீஸ் 0.60, டயர் 0.35, காப்பீடு 0.90, எஃப்சி 0.30. இப்போது 1,60,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், அதைக் கழித்துவிட்டு வண்டி விலையையும் வட்டியையும் பரப்பினால் 2.65. ஆக 12 ரூபாய் 50 காசு. ஸ்டியரிங் பிடிக்கும் எனக்கு இதில் கூலி இல்லை. பத்து ரூபாய்க்கு வாடகை பேசுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

என்னுடையது பிஎஸ்-4 என்கிற பழைய புகை விதிப்படி வந்த வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் கூடுதல், அவற்றுக்கு என் பழுதுக் கணக்கு அப்படியே பொருந்தாது. கிங் பின்னும் தகட்டுத் தொட்டியும் உள்ள வண்டி என்றால் அந்த இரண்டைப் பற்றி நான் சொன்னது மட்டும் பொருந்தும்.

விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அடுத்த ஜூனில் எட்டு வருடம் முடிகிறது, எஃப்சி வருகிறது. தொட்டியின் இடது மூலையில், பலகைக்கும் சுவருக்கும் நடுவே, மறுபடியும் பழுப்பு தெரிகிறது. வெல்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.