நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் பக்கம் மீன்பிடிப் படகு எடுப்பவர்கள் கவனத்துக்கு

வசந்த காலத்தில் இரை மீனான பங்கர் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற பெரிய மீன் ராரிட்டன் விரிகுடாவுக்குள் வரும். பின்னாலேயே ப்ளூஃபிஷ் என்ற மீனும் வரும். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் குழுவாகப் படகு எடுப்பதும் அப்போதுதான். அப்படிப் போன எட்டுப் பேர், முழுப் பணத்தையும் ரொக்கமாக முன்கூட்டியே கொடுத்து ஏமாந்திருக்கிறார்கள்.

எட்டுப் பேரை ஏற்றியதே தப்பு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்டின் சோதனைச் சான்று இல்லாத சிறு படகில் காசு வாங்கிக்கொண்டு ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கேப்டனிடம் உரிமம் இருந்தாலும் கணக்கு அதேதான். ஏழாவது ஆள் ஏற வேண்டுமென்றால் படகுக்கே சான்று வேண்டும். அது பயணிகள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும்.

இதைச் சுற்றிப்போக ஒரு தந்திரம் உண்டு. கிளம்பும் நேரத்தில் ஒரு தாளை நீட்டி, "சும்மா கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அது 'பேர்போட்' ஒப்பந்தம். படகை மட்டும் நீங்கள் வாடகைக்கு எடுத்து, கேப்டனை நீங்களே தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பதாக அதற்குப் பொருள். விபத்து நடந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவர் இப்படி ஒரு தாளை நீட்டினாலே இறங்கிவிடுங்கள். இந்த எட்டுப் பேரும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது மீன். ஸ்ட்ரைப்ட் பாஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றுதான். 2023 முதல் நீளம் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய மீன்கள்தான் அதிக முட்டையிடும் தாய்மீன்கள்; அவற்றைத் திரும்ப விடத்தான் இந்த மேல் வரம்பு. இவர்களுடைய கேப்டன் அளவுகோலையே எடுக்கவில்லை, 37 அங்குல மீனைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கரையில் அதிகாரி நிறுத்தினால் பெட்டியைத் தூக்கி வருகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். இரை வைத்துப் பாஸ் பிடித்தால், முனை உள்பக்கம் வளைந்த சர்க்கிள் ஹூக் என்ற கொக்கி கட்டாயம். இவரோ பங்கரை மூன்றுமுள் கொக்கியால் குத்தி, அப்படியே ஆழத்தில் இறக்கினார். பாஸ் அதை விழுங்கினால் முள் தொண்டைக்குக் கீழே மாட்டும், விட்டாலும் பிழைப்பது கஷ்டம். விரிகுடாவில் மீன் கடிப்பது நின்றதும் வெளிக்கடலுக்கு ஓட்டியிருக்கிறார். கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் பாஸ் பிடிப்பது 1990 முதல் தடை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ப்ளூஃபிஷை வெயிலில் வாளியில் போட்டு வைத்தது. சூடேறினால் அந்த மீனில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் மூழ்க வைக்க வேண்டும். வீட்டில் பக்கவாட்டிலுள்ள கருஞ்சிவப்புச் சதையை அரிந்து எறிந்தால் எண்ணெய் வாடையும் குறையும். ஐஸ் ஏற்றாத படகில் மீனுக்காகப் போகவே வேண்டாம்.

முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். வானிலை மோசமானால் பணம் திரும்புமா, 6 மணி நேரப் பயணம் என்றால் அதில் போக வர ஆகும் நேரமும் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கையெழுத்திட்ட தாளின் நகல், படகின் பதிவு எண், பணம் கொடுத்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றோடு கோஸ்ட் கார்டிடம் புகார் கொடுங்கள்.