பழைய ஐபிஎம் கணினிக்கு வைஃபை மோடம் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அரை மாதச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். அதே மோடம், அதே காணொளியோடு மறுபடியும் விற்பனைக்கு வந்திருப்பதைச் சற்று முன்புதான் பார்த்தேன். இன்னொருவர் ஏமாறக் கூடாது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1983-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி. பின்னால் மோடம் போன்றவற்றை இணைக்கும் 25 பின் சீரியல் போர்ட். மாதக்கணக்கில் உட்கார்ந்து உயிர் கொடுத்த இயந்திரம். இதை இணையத்தோடு சேர்க்க வைஃபை மோடம் என்ற சிறு பெட்டிகள் வருகின்றன. கணினியைப் பொறுத்தவரை அது ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம் போலத்தான் பேசும். ஏ.டி.டி.டி. என்ற டயல் கட்டளையைத் தட்டி, தொலைபேசி எண்ணுக்குப் பதில் சர்வரின் பெயரைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் இ.எஸ்.பி. 8266 சிப் வைஃபை வழியாக இணைப்பைப் பிடித்துக் கொடுக்கும். அருமையான ஏற்பாடு.

தனிநபர்கள் பழைய மின்னணுப் பொருள்களை விற்கும் ஒரு தளத்தில் வாங்கினேன். "ஆர்எஸ்-232 போர்ட்டில் (அதாவது எக்ஸ்டியின் சீரியல் போர்ட்டில்) நேராகச் செருகலாமா? மின்னழுத்த மாற்றி உள்ளே இருக்கிறதா?" என்று முன்கூட்டியே கேட்டேன். "எல்லாம் உள்ளே இருக்கிறது நண்பரே, எக்ஸ்டியில் நானே ஓட்டிப் பார்த்தேன்" என்று விற்றவன் பதில் எழுதி ஒரு காணொளியும் அனுப்பினான். பச்சை எழுத்துத் திரையில் "கனெக்ட்" என்ற சொல் வந்து நின்றது. எத்தனை நாள் கனவு அது! கேபிளின் மறுமுனையை அவன் ஒரு நொடிகூடக் காட்டவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை. அன்றே அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் செருகினேன். நீல விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. கெர்மிட் என்ற மோடத்தோடு பேசும் மென்பொருளில் ஏ.டி. என்று தட்டினேன், மோடம் பதிலாகத் தர வேண்டிய ஓகே வரவில்லை. அவனிடம் கேட்டேன். "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்றான், இரண்டு நாள் போனது. "நல் மோடம் (null modem) கேபிள் போடுங்கள்" என்றான், அதாவது அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறிய கேபிள், மேலும் மூன்று நாள். பிறகு "வேகத்தை 115200 ஆக்குங்கள்." என் சீரியல் கார்டில் இருக்கும் 8250 சிப்பில் வரும் எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் இடைத்தேக்கமே (buffer) கிடையாது, அந்த வேகத்தில் எழுத்துகள் தொலையும் என்று தெரிந்தும் செய்தேன். கடைசியில் "உங்கள் கணினிதான் பழுது" என்றான். போர்ட்டின் அனுப்பும், பெறும் பின்களான 2, 3-ஐ ஒரு கம்பியால் இணைத்தேன். தட்டிய எழுத்தெல்லாம் அப்படியே திரையில் திரும்பி வந்தது. அதைப் படமெடுத்து அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

மோடத்தின் பெட்டியைத் திறந்தேன். வயிறு எரிந்தது. மின்னழுத்த மாற்றி எதுவும் இல்லை! 3.3 வோல்ட் சிப்பிலிருந்து இரண்டு கம்பிகளை நேராகச் செருகியில் பற்றவைத்திருந்தான். சீரியல் போர்ட் சும்மா இருக்கும்போதே அதன் அனுப்பும் பின்னில் எதிர்மறை மின்னழுத்தம் நிற்கும். என் மீட்டர் மைனஸ் 11 வோல்ட் காட்டியது. நான் ஓர் எழுத்துத் தட்டும் முன்பே அந்தச் சிப் செத்திருக்கும்.

தளத்தில் புகார் செய்தால், "7 நாள் கெடு முடிந்துவிட்டது" என்றார்கள். கெடுவைத் தின்றதே அவன் சொன்ன சோதனைகள்தான் என்று விளக்கினேன். "மின்னிணைப்புக் கொடுத்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை." இணைக்காமல் பழுது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு முதல் பதிலையே மறுபடி அனுப்பினார்கள். அரை மாதச் சம்பளம்!

இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. வாங்கும் முன் பெட்டியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். மின்னழுத்தத்தை மாற்றும் மேக்ஸ்232, மேக்ஸ்3232 அல்லது அதற்கு ஈடான 16 கால் சிப் தெரியாவிட்டால் விலகிவிடுங்கள். வந்தவுடன், செருகும் முன்பே நீங்களும் திறந்து பாருங்கள். வேலை செய்யாவிட்டால் அன்றே தளத்தில் புகார் பதியுங்கள், விற்றவனோடு பேசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி வைத்திருப்பவர்களே, உங்கள் யூசர் போர்ட் 5 வோல்ட்டில் பேசுவது, ஆர்எஸ்-232 அல்ல. நான் சொன்னதை அப்படியே அதற்குப் பொருத்திவிடாதீர்கள்.