சோழர் செப்புத்திருமேனி ஏன் அழகு? இரண்டு தமிழர்கள், இரண்டு பதில்கள்

சோழர் காலத்துப் பார்வதி செப்புத்திருமேனி ஒன்றை உற்றுப் பாருங்கள். இடை ஒரு பிடிதான். மார்பும் இடுப்பும் எந்தப் பெண்ணுக்கும் இல்லாத அளவு. கழுத்து, இடை, முழங்கால் என மூன்று இடத்தில் உடல் வளைகிறது. இயல்பான பெண்ணுடல் இப்படி இருக்காதுதான், ஆனாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை. ஏன்?

நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வில்லியம் ஹிர்ஸ்டைனோடு சேர்ந்து 1999-இல் எழுதிய கட்டுரையில் கலைக்கு எட்டு விதிகள் சொன்னார். அவற்றில் முக்கியமானது உச்சப் பெயர்வு. சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தால் தீனி என்று எலியைப் பழக்கினால், அப்புறம் அது இன்னும் நீளமான நீள்சதுரத்தைத்தான் அதிகம் விரும்பும். கடற்காகக் குஞ்சு தாயின் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும். மூன்று சிவப்புக் கோடு போட்ட குச்சியை நீட்டினால் இன்னும் வேகமாகக் கொத்தும். சோழச் சிற்பியும் பெண்ணுடலை ஆணுடலிலிருந்து பிரித்துக் காட்டும் வேறுபாட்டை மட்டும் எடுத்துப் பெருக்கினார், நம் மூளை அதற்கு மயங்குகிறது என்கிறார் ராமச்சந்திரன். உணர்ச்சி கூடினால் தோலின் மின்கடத்தலும் கூடும், அதை அளந்து இதைச் சோதிக்கலாம் என்றும் சொன்னார். தன் கருத்தைப் பொய்யாக்கும் வழியைத் தானே கொடுப்பது பெரிய விஷயம்.

1877-இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் அறிவியலாளராகத்தான் தொடங்கினார். இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய நிலவியலாளர் அவர். கலைக்கு வந்தபின் அவர் தேடியது வேறு. நடராஜர் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரையில் உடுக்கை படைப்பு, அபயக்கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள் என்று சிவனின் ஐந்தொழிலை, அதாவது பஞ்சகிருத்தியத்தை, விளக்கினார். சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கத்திலிருந்தே இதை எடுத்துக்காட்டினார். சிற்பி கண்ணால் கண்ட உடலைப் பார்த்து வடிக்கவில்லை, தியானத்தில் கண்டதை வடித்தார் என்பது அவர் வாதம். அழகு சிற்பியின் குறிக்கோளே இல்லை, சரியாகச் செய்த வேலையோடு தானாக வருவது.

சரி, யார் சொல்வது எடுபடுகிறது?

பிரெஞ்சுச் சிற்பி ரோதன் 1913-இல் நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே உருகி எழுதினார். சித்தாந்தம் படித்தவரல்ல. கோடும் வளைவும் மட்டுமே அவரைப் பிடித்து இழுத்தன. இங்கே ராமச்சந்திரன் பக்கம் வலு அதிகம்.

ஆனால் அதே திருமேனி கோயிலில் எப்படி இருக்கிறது? பட்டு, மாலை, கவசம். இடை தெரியாது, மூன்று வளைவும் தெரியாது. முகமும் கையும் மட்டும் தெரியும். திரை விலகி தீபாராதனை காட்டியதும் கூட்டம் கண்கலங்குகிறது. பெருக்கிக் காட்டிய வடிவம்தான் மயக்குகிறது என்றால், அதை மூடி வைத்தபோதும் இது எப்படி நடக்கிறது? இந்த இடத்தில் குமாரசுவாமிதான் பேச முடியும். என் சாய்வும் அவர் பக்கமே. அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக யாரும் இவற்றை வார்க்கவில்லை.

ஒரு கேள்வியில் மட்டும் இருவருமே தடுக்கி விழுகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜருக்கும், கார் டாஷ்போர்டில் ஒட்டிய பிளாஸ்டிக் நடராஜருக்கும் தத்துவம் ஒன்றே. தூக்கிய கால் இரண்டிலும் உண்டு. திருவாலங்காட்டுத் திருமேனி மட்டும் ஏன் நம்மை நிறுத்தி வைக்கிறது என்பதற்குப் பஞ்சகிருத்தியமும் விடை தராது, எட்டு விதிகளும் தரா. வார்ப்புக்கு முன் மெழுகில் உருவம் வடித்த அந்த ஒரு சிற்பிக்கு இரண்டு கொள்கைகளிலும் இடமே இல்லை.

ராமச்சந்திரன் சொன்ன அந்தச் சோதனையை யாராவது கோயிலுக்குள் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே உற்சவர், ஒரே பக்தர்கள். அபிஷேகத்தின்போது ஒரு முறை, அலங்காரம் முடிந்து திரை விலகும்போது ஒரு முறை அளக்கட்டும். இரண்டாவது அளவு கூடுதலாக வந்தால் எட்டு விதிகளோடு ஒன்பதாவது ஒன்றையும் அவர் எழுத வேண்டியிருக்கும்.