வெங்காரப் பொடி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எடுபடுமா?

நீர் நீக்கிய வெங்காரம் (போராக்ஸ்) கார்பன் ஸ்டீலை உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டவைக்க அருமையான பொருள். சாதா வெங்காரம் போலப் பொங்கி உதிராது; சுமார் 740 டிகிரியில் உருகி இரும்பின் மேல் படியும் ஆக்சைடு செதிலைக் கரைத்துவிடும். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்தில்தான் பாச்சா பலிப்பதில்லை. அதில் 18 சதவீதம் குரோமியம். அதன் ஆக்சைடு படலம் வெங்காரத்தில் எளிதில் கரையாது. அடித்ததும் ஒட்டியதுபோல் தெரியும், வளைத்தால் பிரியும். ஃப்ளோரைடு கலந்த பொடி கரைக்கும்தான், ஆனால் அந்தப் புகை நுரையீரலை அரிக்கும். மூடிய பட்டறையில் வேண்டவே வேண்டாம்.

பொடி வாங்கும் காசுக்கு வேறு வழி பார்க்கலாம். ஒட்டவேண்டிய தகடுகளின் முகங்களைக் கிரைண்டரில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்கு உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கின் ஓரம் முழுவதையும் டிக் (TIG) எனும் மின்வில் வெல்டிங்கால் அடைத்துவிடுங்கள். 1,150 டிகிரி அளவில் உள்வரை சீராகக் காய்ந்தபின் மெதுவாக அழுத்துங்கள். 304 ஆறும்போது கார்பன் ஸ்டீலைவிட அதிகம் சுருங்கும். அதனால் கார்பன் ஸ்டீலோடு சேர்த்துச் செய்யும் கத்திக்கு, 410 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத் தகடே மேல்.