‘1985 ஒரிஜினல் பெயின்ட்’ கோப்ளின்கள்: பன்னிரண்டில் ஒன்பது போலி

சிட்டாடல் கம்பெனியின் கோப்ளின் பொம்மைகள் (மேஜைப் போர் விளையாட்டில் வரும் குட்டிப் பூதங்கள்) 12, வருஷம் 1985, காரீய வார்ப்பு, அந்தக் காலத்திலேயே பூசிய ஹம்ப்ரால் கம்பெனி எனாமல் பெயின்ட், அதன்பின் கை படவில்லை. பிரிட்டனில் நடந்த ஓர் இணைய ஏலத்தில் விற்பனையாளர் கொடுத்த விவரம் இது. பார்சலில் வந்தவற்றில் மூன்றுதான் சொன்னபடி இருந்தன. ஐந்து, ரப்பர் மோல்டு எடுத்து நகலடித்த ரீகாஸ்ட். ஒன்று ரெசின் என்னும் பிளாஸ்டிக், கனம் தெரிவதற்காக பேஸுக்கு (பொம்மை நிற்கும் தட்டுக்கு) அடியில் தூண்டில் குண்டு ஒட்டியிருந்தது. மீதி மூன்று அசல் உலோகம்தான், ஆனால் பெயின்ட் புத்தம் புதுசு.

இந்த வகை லாட் (ஒரே தொகுப்பாக ஏலம் விடும் பொருட்கள்) இப்போது அடிக்கடி வருகிறது. காரணம் ஊகிக்கக் கூடியதே. சிட்டாடல் நாட்டிங்ஹாம்ஷயரின் நியூவார்க்கில் தொடங்கிய கம்பெனி. 1983இல் இந்தப் பொம்மைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் விளையாட்டு வந்தது. பெர்ரி இரட்டையர், ஜெஸ் குட்வின், கோப்ளின் முகங்களுக்கே பேர்போன கெவ் ஆடம்ஸ் ஆகியோர் செதுக்கிய பொம்மைகளுக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயதில் பெயின்ட் அடித்த பையன்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள், கையில் காசும் இருக்கிறது. அவர்களுக்குச் சுத்தமான வெறும் உலோகம் வேண்டாம். தடிதடியாக அப்பிய பச்சை, கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு, மேலே பளபளக்கும் வார்னிஷ், இதுதான் வேண்டும். ஏமாற்றுக்காரனுக்கு இது இரட்டை வசதி: பழைய பெயின்ட் விலையை ஏற்றுகிறது, அடியில் இருக்கும் உலோகத்தையும் மறைக்கிறது.

முதலில் வருஷம். பொம்மையின் காலுக்கு அடியில், ஸ்லாட்டாபேஸ் எனப்படும் பிளவு வைத்த பேஸில் செருகும் உலோக நாக்கில், பெயரும் காப்புரிமை ஆண்டும் இருக்கும். அது செதுக்கிய உரிமைக்கான ஆண்டு, வார்த்த ஆண்டு இல்லை. 85 என்று போட்ட மோல்டிலிருந்து பல வருஷம் கழித்தும் வார்த்திருக்கலாம். ஆகவே ஆண்டை விட எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக, நகத்தால் தடவினால் தட்டுப்படும். ரீகாஸ்டில் அது சோப்பில் பதிந்த எழுத்து மாதிரி மழுங்கியிருக்கும். நாக்கை பேஸுக்குள் பசை ஊற்றி மூடியிருந்தால், ‘ஒரு பொம்மையை மட்டும் கழற்றி அடியைப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று ஏலம் முடியும் முன்பே கேளுங்கள். இந்த லாட்டை வாங்கும்போது கேட்கவில்லை, அங்கேதான் கோட்டை விட்டது.

அடுத்தது உலோகம். ஆங்கிலக்காரர்கள் ‘லெட்’ என்று பொதுவாகச் சொன்னாலும் பழைய வார்ப்பு சுத்தக் காரீயம் அல்ல, காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. சிட்டாடலின் தாய்க் கம்பெனியான கேம்ஸ் வொர்க்ஷாப் 1997இல் காரீயமில்லாத கலவைக்கு மாறியது. அமெரிக்காவின் பொம்மைக் கம்பெனி ரால் பார்த்தா 1993இலேயே மாறிவிட்டது. ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கும்போது காகிதத்தில் தேய்த்துப் பார்ப்போமே, அதே சோதனை இங்கேயும் செல்லும், எதிர்ப்பக்கமாக: நாக்கின் ஓரத்தை வெள்ளைத்தாளில் இழுத்தால் காரீயக் கலவை பென்சில் மாதிரி சாம்பல் கோடு போடும். வெள்ளீயம் அதிகமுள்ள புதுக் கலவை ஏறக்குறைய ஒன்றும் போடாது.

கோடு சந்தேகமாக இருந்தால் அடர்த்தி பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நூல் போதும். பேஸைக் கழற்றிவிட்டுப் பொம்மையை எடை போடுங்கள். பிறகு டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய பொம்மையை முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் பொம்மையின் கன அளவு. முதல் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. அசல் கோப்ளின் ஒன்று 13.6 கிராம், தண்ணீரில் 1.46, ஆக 9.3. அதே சிற்பத்தின் ரீகாஸ்ட் 10.22 கிராம், தண்ணீரில் 1.40, ஆக 7.3. வெள்ளீயத்தின் அடர்த்தியே 7.3 தான். அக்குளிலோ கேடயத்துக்குப் பின்னாலோ காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கு கெட்டுவிடும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. 1980களின் காரீயப் பொம்மை என்று விற்றது 7.3 காட்டினால் பேச்சுக்கே இடமில்லை. 9க்கு மேல் காட்டினால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள், காரீயத்திலும் ரீகாஸ்ட் அடிக்கிறார்கள்.

அந்த இரண்டு கன அளவையும் மறுபடி பாருங்கள்: 1.46, 1.40. நகல் எப்போதும் சிறுக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. பொம்மையையே அச்சாக வைத்து மோல்டு எடுத்து மறுபடி வார்த்தால் அந்தச் சுருக்கம் இரண்டாம் முறை சேருகிறது. பாதத்திலிருந்து தலைமூடி உச்சி வரை காலிப்பரில் அளந்தபோது அசல் 20.0 மில்லிமீட்டர், நகல் 19.7. ஈட்டியையும் வாளையும் அளக்க வேண்டாம், அவை வளைந்திருக்கும். அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொம்மையாவது பக்கத்தில் இல்லாமல் இந்தச் சோதனை நடக்காது.

ரெசின் பொம்மையைப் பிடிக்கத் தராசே வேண்டியிருக்கவில்லை. படுக்க வைத்தால் தஞ்சாவூர் தலையாட்டி மாதிரி எழுந்து நின்றது.

பெயின்டில்தான் இந்த விற்பனையாளரின் கைவேலை முழுக்கத் தெரிந்தது. பழைய வார்னிஷ் தானாக மஞ்சளாகும்போது பூசின இடமெங்கும், மூக்கு நுனியிலும் தோளிலும்கூட மஞ்சளாகும். இந்தப் பொம்மைகளில் மேடெல்லாம் பளிச்சென்று இருக்க, விரலிடுக்கிலும் பல்லிடுக்கிலும் மட்டும் தேன் நிறம் தேங்கியிருந்தது. வயசு பள்ளம் பார்த்து உட்காராது. தண்ணீராகக் கரைத்துப் பூசிய பழுப்பு மைதான் அப்படி உட்காரும். பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, பேஸுக்குள் மறையும் பாதப் பகுதியில் பத்து விநாடி ஒத்தியதும் பச்சை இளகிப் பஞ்சில் வந்தது. நாற்பது வருஷம் இறுகிய எனாமல் இவ்வளவு லேசில் அசையாது. இது தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் பெயின்ட். பழைய அக்ரிலிக்கும் இப்படி இளகும் என்பதால் எல்லா லாட்டுக்கும் இதைச் சாட்சியாக வைக்க முடியாது. எனாமல் என்று எழுதி விற்றதால் இங்கே மாட்டினார். பேஸில் ரெடிமேடாகக் கிடைக்கும் புல் குஞ்சம் வேறு ஒட்டியிருந்தது. 1985இல் பையன்கள் மணலும் சாயம் போட்ட மரத்தூளும்தான் தூவினார்கள்.

சந்தேகம் வந்ததும் முழுப் பொம்மையையும் டெட்டாலில் ஊறப்போட்டு பெயின்டை உரித்துவிடாதீர்கள். உரித்த பொம்மையை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள், புகாருக்கும் ஆதாரம் இருக்காது. முதலில் படம், பிறகு தராசும் அளவும், கடைசியில்தான் ஒரு புள்ளி ஆல்கஹால்.

‘தனிநபர் விற்பனை, ரிட்டர்ன் கிடையாது’ என்று விற்பனையாளர் பதில் போட்டார். பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். தனிநபரிடம் அந்த உரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் தனிநபராக இருந்தாலும் பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஏலத்தளத்தின் வழியாகவே பணம் கட்டியிருந்ததால், தராசுப் படங்களோடு ‘விவரத்துக்கு மாறான பொருள்’ என்று போட்ட புகார் நின்றது. ஒன்பதுக்குப் பணம் வந்தது. சில விற்பனையாளர்கள், ஏலத்தளத்துக்கு வெளியே, நண்பர்களுக்கு அனுப்புவது போலக் கட்டணமில்லாமல் பணம் அனுப்பச் சொல்லி, அதற்குத் தள்ளுபடியும் தருவார்கள். அந்தத் தள்ளுபடியை வாங்கினால் புகார் போட வழி இல்லை.

சொன்னபடி இருந்த மூன்றிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. பழங்காலத் தோற்றத்துக்காக ஓக் மரப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவி விடும். அது காரீயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும், பெயின்டுக்கு அடியிலிருந்தே. இரண்டு பொம்மைகளின் கணுக்காலில் பெயின்ட் கொப்பளித்து, ஊசியால் தொட்டதும் மாவு உதிர்ந்தது. வினிகர் போட்டால் பொடி போகும் என்று சிலர் சொல்வார்கள். வினிகர் என்பதே அசிட்டிக் அமிலம்தான். கையுறை போட்டு, பொடி பறக்காமல் ஈரத்தோடு பித்தளை பிரஷால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, முழுக்க உலர்த்தி, அந்த இடத்தில் வார்னிஷ் பூசினால் அரிப்பு பெரும்பாலும் நிற்கும். அந்தப் பொடி விஷம், சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை கூடாது. பிறகு பாலிபுரோப்பிலீன் டப்பாவிலோ இரும்பு அலமாரியிலோ வைக்கலாம். ஓக் பெட்டியில் பேனா போட்டுக்கொள்ளலாம், அழகாகத்தான் இருக்கிறது.